எழுநூறு கிராம்

எல்லை மலையின் உச்சியில் இருக்கும் எங்கள் மேல்போஸ்டில் முன்பெல்லாம் குளிர்காலத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அக்டோபர் கடைசியில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு எங்கள் ஆட்கள் இறங்கிவிடுவார்கள். எதிர்ப்பக்கத்து ஆட்களும் இறங்கிவிடுவார்கள். ஆறு மாதம் அந்த மலைக்குப் பனிதான் காவல். இருபதாயிரம் அடிக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை என்பது ஒன்றுதான் காரணம். ஹெலிகாப்டர் போனால் சுட்டுவிடுவான். கோவேறு கழுதை பதினாறாயிரம் அடியிலேயே படுத்துவிடும்.

பிறகு ஆளில்லா விமானம் வந்தது. எட்டு விசிறி, வயிற்றுக்கு அடியில் ஒரு பெட்டி, இருபத்தைந்து கிலோ தூக்கும். மேலிடத்தில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் கழுதை என்றே கூப்பிட்டோம். கழுதை வந்ததும், எங்கேயோ சூடான அறையில் உட்கார்ந்திருந்த யாருக்கோ ஒரு யோசனை உதித்துவிட்டது. சாப்பாடு போக வழி இருக்கிறதென்றால் ஆளும் அங்கேயே இருக்கலாமே! எதிர்ப்பக்கத்திலும் அதே யோசனை, அதே மாதிரி ஒரு கழுதை. ஆக, அந்த வருடம் மேல்போஸ்டில் ஐந்து பேர் குளிர்காலம் முழுக்க இருந்தார்கள். சாப்பாடு மேலே போகும், சரி. ஆள் கீழே வரவேண்டியிருந்தால்? எழுபது கிலோ மனிதனைக் கழுதை தூக்காது. இதை நான் கேட்டிருக்கலாம்தான். ஸ்டோர்கீப்பர் கேட்டால் யார் காது கொடுப்பார்கள்?

என் பெயர் கழுகாசலம். ஹவில்தார். கீழே தளத்தில் சரக்குக் கிடங்கு என் பொறுப்பு. பெட்டி கட்டுவது, எடை போடுவது, எடையைக் கருவியில் பதிவது, கழுதையின் வயிற்றில் மாட்டுவது எல்லாம் நான்தான். பட்டாளத்துக்கு வருவதற்கு முன் கழுகுமலையில் அப்பாவின் பலசரக்குக் கடையில் பதினெட்டு வயது வரை பொட்டலம் மடித்தவன். அப்பாவின் தராசில் எடை என்றால் எடைதான்; முள் நேராக நிற்கிற வரை கையெடுக்க மாட்டார். ஆனால் பொட்டலம் கட்டி முடித்த பிறகு ஒரு கை பொரிகடலையோ, இரண்டு கொத்துக் கறிவேப்பிலையோ கொசுறு வைக்காமல் ஒருவரையும் அனுப்பியதில்லை. கொசுறைத் தராசில் வைக்கவே மாட்டார். தராசில் ஏறிவிட்டால் அது சரக்காகிவிடுமாம். அந்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. சீருடை போட்டால் போய்விடுகிற புத்தியா அது!

நவம்பர் முதல் வாரம் மேலே போய்த் திரும்பிய காலிப் பெட்டிக்குள் ஓர் அட்டைத் துண்டு கிடந்தது. பிஸ்கட் டப்பாவைக் கிழித்து எழுதியிருந்தார்கள். “ஸ்டோர் அண்ணாச்சிக்கு வணக்கம். பருப்பு வந்து சேர்ந்தது. தாளிக்கக் கறிவேப்பிலை இல்லை. கிடைக்குமா? இப்படிக்கு, லான்ஸ் நாயக் பலவேசம், சாத்தான்குளம் பக்கம்.”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூச்சுவிடவே காற்றில்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு கறிவேப்பிலை கேட்கிறான்! ஆனால் என் மனைவி காயவைத்து அனுப்பிய இலை என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அடுத்த பெட்டியை எடை போட்டு, பதிந்து, தராசிலிருந்து இறக்கிய பிறகு அதைப் பெட்டியின் பக்கத்துப் பையில் செருகினேன். கூடவே கடலைமிட்டாய், ஒரு சின்ன பாட்டில் நல்லெண்ணெய், ஒரு பழைய வாரப் பத்திரிகை. பை நிறைந்தது. மனசும் நிறைந்தது.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று தடவை கழுதை போகும். மூன்று தடவையும் கொசுறு போகும். மாங்காய் வற்றல், இட்லிப்பொடி, கருப்பட்டி என்று கிடைத்ததெல்லாம். லீவுக்குப் போய் வருகிறவர்களைக் கெஞ்சி வாங்கிவரச் சொல்வேன். எங்களுக்கும் மேல்போஸ்டுக்கும் நடுவே கோடையில் பனிக்கடியில் போட்ட ஒரு தொலைபேசிக் கம்பி இருந்தது. கழுதை கிளம்புகிற நாளெல்லாம் அதில் பலவேசத்தின் குரல் வந்துவிடும்.

“அண்ணாச்சி, இன்னைக்கு என்ன வச்சிருக்கிய?”

“குண்டு வச்சிருக்கேன். பேசாம போனை வைடே.”

“சும்மா சொல்லுங்க அண்ணாச்சி. வாய் ஊறுது.”

அவனுக்கு இருபத்தாறு வயது. கல்யாணம் முடிந்து பதினோராம் மாதம் மலையேறியவன். அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவன் வேறு வழியாக மேலே போனவன். ஆனாலும் அந்தக் குளிர்காலத்தில் எனக்கு அவனைவிட நெருக்கமான ஆள் கிடையாது.

தளத்தில் கழுதைக்குப் பொறுப்பு கேப்டன் ஷஹீரா. வாணியம்பாடிக்காரர். முப்பது வயதுகூட ஆகியிருக்காது, ஆனால் அந்த எந்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

“இது முட்டாள் கழுதை இல்ல, கழுகாசலம். ஒவ்வொரு தடவை போகும்போதும் படிக்குது. எந்த மூலையில காத்து எப்படி அடிக்கும், குளிர்ல பேட்டரி எவ்வளவு இறங்கும், எல்லாத்தையும் தானா தெரிஞ்சுக்குது.”

“அப்படியே ரெஜிஸ்டர் எழுதவும் சொல்லிக் குடுங்க மேடம். எனக்கு வேலை மிச்சம்.”

அவர் சிரிப்பார். மலை முகட்டைத் தாண்டிவிட்டால் எதிர்ப்பக்கத்தான் அலைவரிசையைக் கெடுத்துவிடுவான். அப்புறம் கழுதைக்கு நாம் ஒன்றும் சொல்ல முடியாது, அதுவாகத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று விளக்கியவரும் அவர்தான். பாதி வழியில் ஒரு பெரிய பாறையின் மறைவில் காற்று அடிக்காது. அங்கே கழுதை ஒரு நிமிடம் அசையாமல் நிற்கும்.

“எதுக்கு மேடம் அங்க நிக்குது? களைப்பாறவா?”

“எடை பாக்குது. விசிறி எவ்வளவு சிரமப்படுதுன்னு வச்சு, வயித்துல எவ்வளவு கனம் இருக்குன்னு கண்டுபிடிச்சிடும். இருக்கவேண்டியதைவிட அரைக் கிலோ குறைஞ்சாலும் பெட்டி திறந்து சரக்கு விழுந்திருக்குன்னு அர்த்தம். உடனே திரும்பி வந்துடும். போன வருஷம் வேற ஒரு போஸ்ட்ல, வழியிலேயே சரக்கு கொட்டிப்போன காலிப் பெட்டியை எடுக்க ஒருத்தன் வெளிய வந்தான். எதிரே இருந்து சுட்டுட்டாங்க. வெறும் பெட்டிக்காக ஒரு உயிர். அதுக்கப்புறம் போட்ட ரூல் இது.”

நல்ல ரூல்தான். நானும் தலையை ஆட்டினேன்.

பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கம்பியில் மேல்போஸ்ட் கமாண்டர் நாயப் சுபேதார் எபனேசர் வந்தார். பலவேசத்துக்கு முந்தின நாளிலிருந்து இருமல், இப்போது நுரை நுரையாகச் சளி வருகிறது, உதடு நீலமாகிவிட்டது என்றார். எங்கள் டாக்டர் இரண்டு கேள்விதான் கேட்டார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. உயரத்து நோய். கீழே இறக்கிவிட்டால் ஒரே நாளில் எழுந்து நடப்பான். இறக்க முடியாது.

“இறக்க முடியலேன்னா இறக்கின மாதிரி உடம்பை ஏமாத்தலாம்” என்றார் டாக்டர். ஆளை உள்ளே படுக்கவைத்து, ஜிப் போட்டு, காலால் மிதித்துக் காற்றை நிரப்புகிற ஒரு பை உண்டு. உள்ளே இருக்கிறவனுக்கு ஏழாயிரம் அடி இறங்கினது மாதிரி. மேலே இருந்த பை டிசம்பரிலேயே கிழிந்துபோயிருந்தது. ஒரு சிலிண்டர் ஆக்சிஜன்தான் மிச்சம். மதியம் வரை வரும்.

கிடங்கில் புதுப் பை இருந்தது. இரண்டு சிலிண்டர், ஊசி மருந்து எல்லாம் சேர்த்து இருபத்து இரண்டு கிலோ முந்நூறு கிராம். எடையைப் பதிந்தேன். பெட்டியை இறக்கினேன். கை தன்னால் டிரங்குப் பெட்டிப் பக்கம் போனது. நிறுத்திக்கொண்டேன்.

அப்பா மருந்துச் சரக்குக்குக் கொசுறு போட மாட்டார். சுக்கு, திப்பிலி, கசாயச் சாமான் வாங்க வருகிறவர்களுக்கு அளந்ததோடு சரி. “சீக்குக்கு மிச்சம் வச்சுக் குடுக்கக் கூடாதுடே” என்பார். இது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கமா, அவராக உண்டாக்கிக்கொண்டதா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் நின்று சொன்னது போலவே இருந்தது. கனம் குறைந்தால் கழுதையும் சீக்கிரம் போகுமே என்றும் நினைத்தேன். பெட்டியின் பக்கத்துப் பையைக் காலியாகவே மடக்கிக் கட்டிவிட்டேன்.

ஒன்பதே காலுக்குக் கழுதை கிளம்பியது. எபனேசர் போனைப் பலவேசத்தின் காதில் வைத்தார்.

“அண்ணாச்சி…” ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு இழுத்தான். “இன்னைக்கு… என்ன… வச்சிருக்கிய?”

“உனக்கு மூச்சு வச்சிருக்கேன்டே. வேற ஒண்ணும் கிடையாது. முதல்ல அதைப் பிடி. நாளைக்குக் கருப்பட்டி அனுப்புதேன்.”

“சரி… அண்ணாச்சி.”

போக நாற்பது நிமிடம். பத்து மணி ஆகியும் மேலே இருந்து தகவல் இல்லை. அதற்குப் பதிலாக எங்கள் தலைக்கு மேலேயே விசிறிச் சத்தம் கேட்டது. கழுதை திரும்பி வந்துவிட்டது. திரையில் ஒரே வரி: சரக்கு விழுந்துவிட்டது.

ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். பூட்டு போட்டபடி இருந்தது. பை, சிலிண்டர், ஊசி, எல்லாம் வைத்தது வைத்தபடி. ஒரு பஞ்சுகூடக் குறையவில்லை.

“தாழ்ப்பாள் லூசா இருந்து ஆடியிருக்கும்” என்றார் கேப்டன். கயிறு போட்டு இறுக்கிக் கட்டினோம். பேட்டரி மாற்றினோம். அந்தக் குளிரில் அதற்கே இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. பத்தே முக்காலுக்குக் கழுதை மறுபடி கிளம்பியது.

பதினொன்றரைக்கு மறுபடி திரும்பி வந்தது. சரக்கு விழுந்துவிட்டது.

நான் அதை உதைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சப்பாத்துக் காலால் அந்த எந்திரத்தை உதைத்தேன். டாக்டர் கம்பியில் எபனேசரிடம் ஆக்சிஜனைக் குறைத்து வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கேப்டன் ஷஹீரா மட்டும் பனியில் மண்டியிட்டு உட்கார்ந்து, திரையில் எதையோ தேடிக்கொண்டே இருந்தார். தேடிக்கொண்டிருந்த விரல் நின்றது.

“எழுநூறு கிராம் குறையுதுன்னு சொல்லுது. ரெண்டு தடவையும் அதே எழுநூறு.”

“ஒண்ணும் குறையல மேடம். நான் பதிஞ்சது அப்படியே இருக்கு.”

“நீங்க பதிஞ்சதோட இது ஒப்பிடல.” அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “உங்க பேர்ல ஒரு திருத்தம் போட்டு வச்சிருக்கு. கழுகாசலம் பதியிற எடையோட எழுநூறு கிராம் சேத்துக்கணும்னு இதுவே முடிவு பண்ணியிருக்கு. நாலு மாசமா இப்படித்தான் கணக்கு பண்ணுது. எடை போட்ட பிறகு பெட்டியில என்ன வைக்கிறீங்க நீங்க?”

நான் சொன்னேன். 

“இன்னைக்கு வச்சீங்களா?”

“இல்ல மேடம்.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். “அதைத்தான் தேடுது. அது விழுந்துடுச்சுன்னுதான் திரும்பி வருது.”

“அந்தத் திருத்தத்தை அழிச்சிருங்க மேடம். இப்பவே அழிச்சிருங்க.”

“தலைமையகத்துல அனுமதி வாங்கணும், ரெண்டு மணி நேரம் ஆகும். போடுங்க, கழுகாசலம். எதையாவது எழுநூறு கிராம் உள்ள போடுங்க!”

கிடங்குக்கு ஓடினேன். டிரங்குப் பெட்டியில் கடலைமிட்டாய் இருந்தது. ஒரு பாக்கெட் கூடிவிடுமோ, குறைந்துவிடுமோ என்று பயம். நான்கு மாதம் கண்ணை மூடிக்கொண்டு சரியாக எழுநூறு வைத்த கைக்கு, அன்றைக்கு அளவு தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகக் கொசுறைத் தராசில் வைத்து நிறுத்தேன். அறுநூற்றெண்பது. இன்னும் ஒரு துண்டு. எழுநூறு.

பன்னிரண்டுக்குக் கழுதை கிளம்பியது. பன்னிரண்டு இருபதுக்கு அது பாறை மறைவில் நிற்க வேண்டும். அரை மணி ஆயிற்று. முக்கால் ஆயிற்று. விசிறிச் சத்தம் கேட்கவில்லை. திரும்பி வரவில்லை! பாறையைத் தாண்டிப் போய்விட்டது! டாக்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் சிரித்தேனா அழுதேனா, தெரியாது.

தொலைபேசி மணி அடித்தது. எபனேசர்.

“கழுதை வந்திருச்சு, அண்ணாச்சி. பெட்டியை எடுத்துட்டோம்.”

“பையில படுக்க வச்சாச்சா? மிதிக்க ஆரம்பிச்சாச்சா?”



“அவன் போயிப் பதினஞ்சு நிமிஷம் ஆச்சு அண்ணாச்சி” என்றார். “உங்க கழுதை வருதான்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தான்.”

நான் அங்கேயே பனியில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கேப்டன் ஷஹீரா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தான் அதிகாரி என்றும் பார்க்காமல் என் தோளில் தலையைச் சாய்த்து அழுதார். “நான் முதல் தடவையே பாத்திருக்கணும்” என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

விசாரணை நடந்தது. கேப்டன் ஒன்றையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தார். நானும் எழுதிக் கொடுத்தேன், என்னைத் தண்டியுங்கள் என்று. தண்டிக்கக்கூட இல்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லையாம். எச்சரிக்கை என்று ஒரு தாள் வந்தது. இனி எடை பதிந்த பெட்டியை முத்திரை வைத்து மூட வேண்டும் என்று எல்லாத் தளங்களுக்கும் உத்தரவு போனது. திருத்தத்தை ஒரு பொத்தானை அழுத்தி அழித்தார்கள். கழுதை மறந்துவிட்டது. எனக்கு அந்த வசதி இல்லை. மேல்போஸ்டில் மிச்சம் நான்கு பேர் இருந்தார்கள்; அவர்களுக்குச் சாப்பாடு போக வேண்டுமே. அடுத்த வாரமே அளந்தது அளந்தபடி பெட்டி கட்டினேன்.

பலவேசத்தைக் கீழே கொண்டுவர மே மாதம் ஆயிற்று. அதுவரை மேலேயே பனிக்குள் வைத்திருந்தார்கள். நான்கு பேர் சறுக்குப் பலகையில் கட்டி, மூன்று நாள் இழுத்து வந்தார்கள். போர்வையை விலக்கினபோதுதான் அவன் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பையன். மீசைகூடச் சரியாக அடர்ந்திருக்கவில்லை. ஊர்வரை கூடப் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாத்தான்குளத்திலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையில், பனைகளுக்கு நடுவே இருந்தது வீடு. துப்பாக்கி முழக்கம், கொடி, மாலை எல்லாம் முடிந்தது. எல்லாரும் திரும்பிப் போன பிறகும் நான் போகவில்லை. காடாத்துச் சடங்கு முடிந்த அன்று மதியம், வீட்டில் கூட்டம் குறைந்த நேரம், அவன் மனைவி பிரம்மசக்தி எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

“நீங்கதானா கழுகாசலம் அண்ணாச்சி?”

“ஆமா தாயி.”

“ஞாயித்துக்கிழமை போன்ல அஞ்சு நிமிசம்தான் பேச விடுவாவ. அதுல மூணு நிமிசம் அண்ணாச்சி இன்னைக்கு இதை வச்சாவ, அதை வச்சாவன்னு உங்க பேச்சுதான். எனக்கு ஒரு நாளு கோவமே வந்திட்டு. நீங்க அண்ணாச்சியையே கட்டியிருக்கலாம்லான்னு கேட்டுட்டேன்.” சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

அவளுக்கு மலை வியாதி என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், பேசாமல் எழுந்து பஸ் ஏறிவிடலாமா என்று தோன்றியது உண்மை. முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கொசுறு, பாறை, எடை, அந்த ரூல், இரண்டு தடவை திரும்பி வந்தது, மூன்றாம் தடவை, பதினைந்து நிமிடம். என்னென்ன நடந்ததோ ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் அழவில்லை. 

“எப்பவும் வச்சியளே. அன்னைக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி வைக்கல?”

மருந்துக்குக் கொசுறு வைக்கக் கூடாது என்று அப்பா சொல்வார், நோய் மிச்சம் நிற்கக் கூடாதே என்று பயந்தேன் என்றேன். 

அவள் அதையும் கேட்டுக்கொண்டாள். மனசுக்குள் எதையோ வரிசைப்படுத்துகிற மாதிரி இருந்தது அவள் முகம்.

“எடை கொறஞ்சா திரும்பி வரணும்னு ரூல் போட்டதும், ஆளு சாகக் கூடாதுன்னுதான போட்டிருக்காவ?”

“ஆமா தாயி.”

“நீங்க வச்சதும் அவிய நல்லதுக்குத்தான். வைக்காம விட்டதும் அவிய நல்லதுக்குத்தான்.”

தலையை ஆட்டினேன்.

“அப்போ அவியளைக் கொன்னது யாரு அண்ணாச்சி?”

வெளியே யாரோ பந்தல் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் ஆற்றாமையில் அதைக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டாள். நான் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.